புது செல்போன் வாங்கும் விவசாயிகள் கடைக்குப் போகும் முன் கவனிக்க வேண்டியவை

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைப்பூ விலை விடியற்காலையில் ஒன்றாகவும், பத்து மணிக்கு வேறொன்றாகவும் இருக்கும். திருமங்கலம், உசிலம்பட்டி, கள்ளிக்குடி பக்கம் பூ எடுக்கும் விவசாயிக்கு அன்றைய நிலவரம் செல்போனில்தான் வருகிறது. மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பாசனப் பகுதிகளில் நெல் போடுபவர் கொள்முதல் நிலையத்தில் பதிவு செய்யவும் செல்போன் எண் வேண்டும். பி.எம்.கிசான் தவணை, பயிர்க் காப்பீடு, பட்டா நகல், விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் என்று எதற்குப் போனாலும் முதலில் கேட்பது ஓ.டி.பி.தான்.

அதனால் ஒரு விவசாயி வாங்கும் செல்போன் வெறும் பேச மட்டும் அல்ல. ஆனால் கடையில் நமக்குக் காட்டப்படும் செல்போன்கள் பெரும்பாலும் நகரத்து இளைஞர்களின் விளையாட்டுக்கும் வீடியோவுக்கும் ஏற்றபடி விளம்பரம் செய்யப்படுபவை. வயலில் வெயிலிலும் சேற்றிலும் நாள் முழுக்க இருக்கப்போகும் போனுக்கு வேறு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் எந்த வகை போன் வேண்டும்?

எல்லோருக்கும் ஸ்மார்ட்போன் கட்டாயம் இல்லை. பேசுவதற்கும் ஓ.டி.பி. பார்ப்பதற்கும் மட்டும் என்றால் பட்டன் போனே போதும். ஒரு முறை சார்ஜ் போட்டால் சில நாள் தாங்கும், கீழே விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது.

பட்டன் போனிலும் பல வேலைகள் நடக்கும். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்கு காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணம் இல்லாமல் பேசலாம். தமிழிலேயே பதில் கிடைக்கும். வங்கிக் கணக்கில் இருப்பு பார்க்க, பணம் அனுப்ப *99# என்று அழுத்தும் வசதி இன்டர்நெட் இல்லாமலே இயங்கும். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அறிமுகப்படுத்திய யு.பி.ஐ. 123பே என்ற சேவையும் பட்டன் போனுக்காக வந்ததுதான்.

பட்டன் போன் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஜியோ நிறுவனத்துக்கு 2ஜி சேவை இல்லை. அதனால் பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. 4ஜி பட்டன் போன்தான் வேண்டும். சில மலிவான 4ஜி பட்டன் போன்கள் ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டப்பட்டிருக்கும். பின்னால் சிம் மாற்ற நினைத்தால் போனையே மாற்ற வேண்டியது வரும். கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டு விடுங்கள்.

பூச்சி, நோய் தாக்கிய இலையைப் படம் எடுத்து வேளாண் அலுவலருக்கு அனுப்ப வேண்டும், மார்க்கெட் விலை பார்க்க வேண்டும், செயலிகள் வேண்டும் என்றால் ஸ்மார்ட்போனுக்குப் போகலாம். பலருக்கு நல்ல வழி, இரண்டையும் வைத்துக்கொள்வது. வயலுக்குப் பட்டன் போன், வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஸ்மார்ட்போன். களை எடுப்பு, பூ எடுப்பு, பால் கணக்கு என்று பாதி விவசாயத்தைப் பார்ப்பது வீட்டுப் பெண்கள்தான். அந்த ஸ்மார்ட்போனை இயக்க அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் தோட்டத்தில் எந்த சிக்னல் எடுக்கிறது?

இருபதாயிரம் ரூபாய் போன் வாங்கினாலும் தோட்டத்தில் சிக்னல் இல்லை என்றால் அது டார்ச் லைட்டாகத்தான் பயன்படும். ஆகவே போனுக்கு முன் சிம்மை முடிவு செய்யுங்கள்.

பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேரின் போனை வாங்கி, உங்கள் கிணற்றடியிலும் களத்திலும் மோட்டார் ரூமிலும் நின்று பேசிப் பாருங்கள். எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். நாகமலை, அழகர்மலை, சிறுமலை அடிவாரத் தோட்டங்களில் மலை மறைப்பதால் ஊருக்குள் இருக்கும் சிக்னல் தோட்டத்தில் இருக்காது. ஊரில் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

அலைவரிசையையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் போகும், சுவரையும் தாண்டி வரும். 2300, 3500 போன்ற உயர்ந்த அலைவரிசைகள் வேகமானவை, ஆனால் டவரைவிட்டுத் தள்ளிப் போகப் போகக் குறைந்துவிடும். கிராமத்துக்குத் தாழ்ந்த அலைவரிசைதான் துணை.

* பி.எஸ்.என்.எல். 4ஜி சேவை 700 மெகாஹெர்ட்ஸிலும் வருகிறது. இதைப் பிடிக்க போனில் 'பேண்ட் 28' இருக்க வேண்டும். பழைய 4ஜி போன்கள் சிலவற்றில் இது இருக்காது.
* ஜியோ 4ஜி-க்கு பேண்ட் 3, 5, 40 ஆகியவை வேண்டும். இந்தியாவில் விற்கும் ஸ்மார்ட்போன்கள் பெரும்பாலானவற்றில் இவை இருக்கும்.
* ஜியோ 5ஜி-யின் 700 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பிடிக்க 5ஜி போனில் 'என் 28' என்ற பேண்ட் தேவை.

இந்த எண்கள் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும், அல்லது நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரத்தில் இருக்கும். கடைக்காரரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

5ஜி போன்தான் வாங்க வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. மதுரை நகரிலும் பெரிய ஊர்களிலும் கிடைக்கிறது. நீங்கள் நான்கைந்து வருடம் வைத்துக்கொள்ளப் போகும் போன் என்றால், விலை வித்தியாசம் ஆயிரம் இரண்டாயிரத்துக்குள் இருக்கும்போது 5ஜி வாங்கலாம். 5ஜி-க்காக பேட்டரியையோ நினைவகத்தையோ குறைத்துக்கொண்டு வாங்க வேண்டாம். விலை பார்ப்பது, படம் அனுப்புவது, வீடியோ காலில் பேசுவது எல்லாவற்றுக்கும் நல்ல 4ஜி சிக்னல் போதும்.

இரண்டு சிம் போடும் வசதி கட்டாயம் இருக்கட்டும். ஒன்று வீட்டில் எடுக்கும் சிக்னலுக்கு, மற்றொன்று தோட்டத்தில் எடுக்கும் சிக்னலுக்கு.

பேட்டரி

5000 எம்.ஏ.எச். பேட்டரிக்குக் குறைந்து வாங்க வேண்டாம். 6000 கிடைத்தால் இன்னும் நல்லது. போனின் எடை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

சிக்னல் குறைவான இடத்தில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். டவர் தூரமாக இருந்தால் அதை எட்டிப் பிடிக்க போன் கூடுதல் சக்தியைச் செலவழிக்கிறது. "டவுனில் ரெண்டு நாள் வருது, தோட்டத்துக்குப் போனா மத்தியானமே செத்துப் போவுது" என்று பலர் சொல்வது இதனால்தான். அது போனின் குறை அல்ல. அறவே சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்யும்போது ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டால் பேட்டரி நிற்கும்.

சில நிறுவனங்கள் பெட்டிக்குள் சார்ஜர் வைப்பதில்லை. கேட்டு வாங்குங்கள். தனியாக வாங்கினால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் உள்ள சார்ஜரையே வாங்குங்கள். பஸ் ஸ்டாண்டு வாசலில் கிடைக்கும் நூறு ரூபாய் சார்ஜரால் பத்தாயிரம் ரூபாய் போன் கெட்டுப்போகலாம். மின்சாரம் ஏறி இறங்கும் மோட்டார் ரூமில் சார்ஜ் போடாமல் வீட்டில் போடுவது பாதுகாப்பு. இடி மின்னல் நேரத்தில் சார்ஜரில் மாட்டிய போனில் பேசக் கூடாது.

வெயில், தண்ணீர், தூசி

மதுரை வட்டாரத்தில் சித்திரை வைகாசி வெயில் 40 டிகிரியைத் தொடும். பெரும்பாலான செல்போன்கள் 35 டிகிரி வரை பயன்படுத்தத்தான் பரிந்துரைக்கப்பட்டவை. டிராக்டர் பானட் மேலும், வரப்பிலும், பைக் டேங்க் கவரிலும் வெயில் படும்படி வைத்தால் பேட்டரியின் ஆயுள் குறையும், சில நேரம் உப்பிவிடும். பின்மூடி தூக்கிக்கொண்டு வந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். உடனே பயன்படுத்துவதை நிறுத்தி சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். ஊசி வைத்துக் குத்தவோ, அழுத்தி மூடவோ கூடாது. தீப்பிடிக்கும்.

திரையின் வெளிச்சத்தை 'நிட்ஸ்' என்ற அளவில் சொல்வார்கள். இந்த எண் கூடக் கூட வெயிலில் எழுத்து தெரியும். ஆனால் எண்ணை நம்புவதைவிட, போனைக் கடைக்கு வெளியே கொண்டுவந்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஏசி அறையில் பளிச்சென்று தெரியும் திரை பல நேரம் வெயிலில் கண்ணாடி மாதிரி உங்கள் முகத்தைத்தான் காட்டும்.

தண்ணீர், தூசித் தாங்குதிறனை 'ஐ.பி.' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் இரண்டு எண்கள் சொல்கின்றன. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு.

* ஐ.பி. 54: ஓரளவு தூசியும், தெறிக்கும் தண்ணீரும் தாங்கும். தூறல், மருந்து தெளிக்கும்போது படும் துளி ஆகியவற்றுக்குப் போதும்.
* ஐ.பி. 64: தூசி உள்ளே போகாது, தெறிக்கும் தண்ணீர் தாங்கும். கதிரடிக்கும் களத்துக்கு ஏற்றது.
* ஐ.பி. 67: தூசி உள்ளே போகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் வரை தாங்கும். வாய்க்காலில் விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை. சேறு, உரம் கரைத்த தண்ணீர், பூச்சிமருந்து ஆகியவற்றுக்குப் பொருந்தாது. போன் கீழே விழுந்து விளிம்பு விரிந்திருந்தாலும் இந்தப் பாதுகாப்பு போய்விடும். தண்ணீர் புகுந்து கெட்டால் பெரும்பாலும் வாரண்டியும் கிடைக்காது. எந்த எண் இருந்தாலும் மருந்து அடிக்கும்போது ஒரு ஜிப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைப்பதுதான் நல்லது. மருந்து கையோடு போனை எடுத்துக் காதில் வைக்காதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே எடுங்கள்.

தண்ணீரில் விழுந்தால் உடனே அணைத்து, சிம்மை எடுத்துவிட்டு, துடைத்து நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். வெயிலில் காய வைப்பதும், அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம். அரிசித் தூள் சார்ஜர் ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். காய்வதற்கு முன் சார்ஜ் போடக் கூடாது.

ராம், ஸ்டோரேஜ்

ராம் என்பது வேலை செய்யும் மேஜை மாதிரி, ஸ்டோரேஜ் என்பது குதிர் மாதிரி. மேஜை சிறிதாக இருந்தால் ஒரே நேரத்தில் பல வேலை நடக்காது, போன் நின்று நின்று ஓடும். குதிர் சிறிதாக இருந்தால் சீக்கிரம் நிரம்பிவிடும்.

குறைந்தது 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. ஸ்டோரேஜ் வேண்டும். கையில் காசு இருந்தால் 6 ஜி.பி., 128 ஜி.பி. வாங்குங்கள். நான்கைந்து வருடம் தொந்தரவு இல்லாமல் ஓட இதுதான் சரி.

இங்கே ஒரு விளம்பர உத்தி இருக்கிறது. பெட்டியில் "8 ஜி.பி. ராம்" என்று பெரிதாகப் போட்டு, கீழே சிறிய எழுத்தில் "4 + 4" என்று போட்டிருப்பார்கள். உண்மையான ராம் 4 ஜி.பி.தான். மற்ற நான்கு, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கிக் காட்டுவது. அது உண்மையான ராம் அளவுக்கு வேகம் தராது. "அசல் ராம் எவ்வளவு?" என்று கேளுங்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் வரும் வீடியோக்கள்தான் குதிரை நிரப்புகின்றன. வாட்ஸ்அப் அமைப்பில் போய் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்திவிட்டால் இடமும் மிஞ்சும், டேட்டாவும் மிஞ்சும்.

கேமரா: மெகாபிக்சலை மட்டும் பார்க்காதீர்கள்

விவசாயிக்குக் கேமரா முக்கியமாக எதற்கு? மல்லிகையில் மொட்டுப்புழுவா, செம்பேன் சிலந்தியா என்று அலுவலர் பார்த்துச் சொல்லும்படி தெளிவான படம் எடுக்க. நெல் தூரில் புகையான் இருப்பதைக் காட்ட. வெள்ளத்தில் சாய்ந்த பயிரைக் காப்பீட்டுக்காகப் படம் பிடிக்க. இதற்கு 108 மெகாபிக்சல் தேவையில்லை. தானாகக் குவியம் பிடிக்கும் ஒரு நல்ல கேமரா போதும்.

பின்னால் மூன்று நான்கு வட்டங்கள் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மலிவான போன்களில் அவற்றில் ஒன்றுதான் உருப்படியான கேமரா. 2 மெகாபிக்சல் 'மேக்ரோ' கேமரா என்று தனியாக வைத்திருப்பது பெரும்பாலும் பெயருக்குத்தான்.

கடையில் சோதிக்க எளிய வழி இருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு பூச்சி அரித்த இலையைக் கொண்டுபோங்கள். ஒரு ஜாண் தூரத்திலிருந்து படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். நரம்பும் புள்ளியும் தெளிவாகத் தெரிந்தால் அந்தக் கேமரா உங்களுக்குப் போதும்.

அலுவலருக்குப் படம் அனுப்பும்போது ஒரே படம் போதாது. முழுச் செடி ஒன்று, இலையின் மேல்புறம் ஒன்று, இலையின் அடிப்புறம் ஒன்று என்று மூன்று படம் அனுப்புங்கள். செம்பேன் போன்றவை இலையின் அடியில்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் அளவு தெரியும். எடுக்கும் முன் கேமரா கண்ணாடியைத் துணியால் துடையுங்கள். மங்கலான பல படங்களுக்குக் காரணம் அதில் படிந்த எண்ணெய்ப் பசைதான்.

முன் கேமராவும் கொஞ்சம் நன்றாக இருக்கட்டும். 2023 ஜூன் முதல் பி.எம்.கிசான் செயலியில் முகத்தைக் காட்டியே இ-கே.ஒய்.சி. முடிக்கலாம். மண்வெட்டி பிடித்துக் கைரேகை தேய்ந்துபோன விவசாயிகளுக்கு இது பெரிய உதவி.

மோட்டார் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு

செல்போனில் கூப்பிட்டு மோட்டாரை ஓட்டும் கருவி வைத்திருப்பவர்கள், வைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கருவிக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. பல பழைய கருவிகள் 2ஜி-யில் மட்டும் இயங்குபவை. அவற்றில் ஜியோ சிம் வேலை செய்யாது. புதிதாக வாங்கினால் 4ஜி கருவியாகக் கேட்டு வாங்குங்கள். கருவி செயலி மூலம் இயங்குமா, கால் மூலம் இயங்குமா, எஸ்.எம்.எஸ். மூலம் இயங்குமா என்றும் கேளுங்கள். காலும் எஸ்.எம்.எஸ்.ஸும் என்றால் பட்டன் போனே போதும். இதற்கு அரசு மானியம் இருக்கிறதா என்று உங்கள் வட்டார வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகு வாங்குங்கள்.

எங்கே வாங்குவது? தவணையில் வாங்கலாமா?

மதுரையில் டவுன்ஹால் ரோடு பக்கம் கடைகள் அதிகம். ஒரே கடையில் முடிவு செய்யாமல் மூன்று கடை விசாரியுங்கள். ஆன்லைன் விலையையும் பார்த்துவிட்டுப் போங்கள். செல்போனுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்றால் வாங்காதீர்கள். பில் இல்லாமல் வாரண்டி இல்லை. திருடு போனால் புகார் கொடுக்கவும் பில் வேண்டும். பில்லில் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் எழுதியிருக்க வேண்டும். போனில் *#06# என்று அழுத்தினால் வரும் எண்ணும், பெட்டியில் உள்ள எண்ணும், பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் சரிபாருங்கள். அந்த நிறுவனத்துக்கு மதுரையில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் எங்கே என்றும் கேளுங்கள்.

தவணை பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். "வட்டி இல்லை" என்று சொன்னாலும் மொத்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உதாரணமாக, போன் விலை 12,000 ரூபாய். முன்பணம் 3,000. மாதம் 1,150 வீதம் 9 மாதம் என்றால் 10,350. ஆவணக் கட்டணம் 500. மொத்தம் 13,850 ஆகிறது. ரொக்கத்தைவிட 1,850 ரூபாய் கூடுதல்.

தவணை மாதாமாதம் வரும். நெல்லுக்கும் பருத்திக்கும் பணம் அறுவடையில்தான் வரும். இடையில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் நிதி நிறுவனம் ஒரு அபராதம், வங்கி ஒரு அபராதம் என்று இரண்டு பக்கமும் பிடிக்கும். பி.எம்.கிசான் பணம் வரும் அதே கணக்கைத் தவணைக்குக் கொடுத்திருந்தால், விதைக்கும் உரத்துக்கும் என்று நினைத்திருந்த 2,000 ரூபாய் வந்த அன்றே தவணைக்குப் போய்விடும். சில நிதி நிறுவனங்கள் தவணை தவறினால் போனையே தூரத்திலிருந்து பூட்டிவிடுகின்றன. அப்போது ஓ.டி.பி.யும் இல்லை, மார்க்கெட் விலையும் இல்லை. கூடுமானவரை ஒரு அறுவடைப் பணத்தில் ரொக்கமாக வாங்குங்கள். முடியாவிட்டால் விலை குறைந்த மாடலுக்கு இறங்குங்கள்.

பழைய போன் வாங்கினால்

நம்பகமான ஆளிடம் நல்ல பழைய போன் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் திருட்டுப் போனாக இருந்தால் பணமும் போகும், போலீஸ் விசாரணையும் வரும். வாங்கும் முன் *#06# அழுத்தி ஐ.எம்.இ.ஐ. எண்ணை எடுங்கள். எஸ்.எம்.எஸ்.சில் ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்துகளைத் தட்டி, இடம் விட்டு, அந்த 15 இலக்க எண்ணையும் தட்டி 14422-க்கு அனுப்புங்கள். அந்த எண் எந்த மாடலுக்கு உரியது என்று பதில் வரும். தடை செய்யப்பட்டது, போலி எண் என்று வந்தாலோ, மாடல் பெயர் மாறி வந்தாலோ வாங்காதீர்கள். மத்திய அரசு 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் இதைப் பார்க்கலாம். உங்கள் போன் தொலைந்தால், போலீசில் புகார் கொடுத்துவிட்டு, அதே தளத்தில் போனைத் தடை செய்யவும் செய்யலாம்.

உங்கள் பழைய போனை எக்ஸ்சேஞ்ச் கொடுக்கும்போது படங்களையும் தொடர்பு எண்களையும் மாற்றிக்கொண்டு, கூகுள் கணக்கை நீக்கி, போனை முழுமையாக அழித்த பிறகே கொடுங்கள். அதில் பட்டா, ஆதார், பாஸ்புக் படங்கள் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

போனை மாற்றுங்கள், நம்பரை மாற்றாதீர்கள்

பலர் புதுப் போனோடு இலவசமாகக் கிடைக்கும் புது சிம்முக்கு மாறிவிட்டு, பழைய நம்பரை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பழைய நம்பர்தான் ஆதாரிலும், வங்கியிலும், பி.எம்.கிசானிலும், பயிர்க் காப்பீட்டிலும் இருக்கும். தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத நம்பரை நிறுவனம் துண்டிக்கலாம். பிறகு அது வேறு ஒருவருக்குப் போகும். உங்கள் ஓ.டி.பி. அவருக்குப் போகும்.

சிக்னலுக்காக நிறுவனம் மாற வேண்டும் என்றால் நம்பரை மாற்றாமலே மாறலாம். ஆங்கிலத்தில் பி, ஓ, ஆர், டி என்று தட்டி, இடம் விட்டு உங்கள் செல்போன் எண்ணைத் தட்டி 1900-க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதோடு ஆதாரையும் எடுத்துக்கொண்டு புதிய நிறுவனத்தின் கடைக்குப் போனால் போதும். நம்பரை ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் முதலில் ஆதார் மையத்தில் புது நம்பரைச் சேர்த்துவிட்டு, பிறகு வங்கியில் மாற்றுங்கள்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியவை

* திரைப் பூட்டு வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள்.
* கீபோர்டில் மைக் படத்தைத் தொட்டு தமிழில் பேசினாலே எழுத்தாக வரும். எழுதச் சிரமப்படுபவர்கள் இதைப் பழகுங்கள்.
* உழவன் செயலி: தமிழக அரசு 2018-ல் தொடங்கியது. மானியத் திட்டம், உர இருப்பு, விதை இருப்பு, சந்தை விலை, இயந்திர வாடகை, பயிர்க் காப்பீடு ஆகியவை ஒரே இடத்தில் கிடைக்கும்.
* மேக்தூத் செயலி: வானிலைத் துறையின் மாவட்ட வாரி வேளாண் ஆலோசனை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும். மருந்து தெளிப்பு, உரமிடும் நாளை முடிவு செய்ய உதவும்.
* தாமினி செயலி: பக்கத்தில் இடி மின்னல் வரப்போவதை எச்சரிக்கும். எச்சரிக்கை வந்தால் மரத்தடிக்குப் போகாமல் வீட்டுக்குள் போங்கள்.
* ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம், உங்கள் வேளாண் அல்லது தோட்டக்கலை உதவி அலுவலர், 1800-180-1551 ஆகிய எண்களைப் பெயரோடு பதிந்து வையுங்கள்.

மோசடியிலிருந்து தப்பிக்க

புதுப் போன் கைக்கு வந்ததும் மோசடிக்காரர்களும் வருவார்கள். "பி.எம்.கிசான் பணம் நின்றுவிட்டது, இந்தச் செயலியை இறக்குங்கள்" என்று வாட்ஸ்அப்பில் 'ஏ.பி.கே.' என்று முடியும் கோப்பு வரும். தெரிந்தவர் அனுப்பியதாகவே இருந்தாலும் தொடாதீர்கள். அவருடைய போனையும் பிடித்து அதிலிருந்தே அனுப்பியிருப்பார்கள். அந்தக் கோப்பைத் திறந்தால் உங்களுக்கு வரும் ஓ.டி.பி.யை அவர்கள் படித்து வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். செயலி எதுவானாலும் பிளே ஸ்டோரில் மட்டும் இறக்குங்கள்.

உங்களுக்குப் பணம் வர யு.பி.ஐ. பின் எண் போடத் தேவையே இல்லை. "பணம் வரணும்னா பின் போடுங்க" என்று சொன்னால் அது மோசடி. உழவர் சந்தையிலும் பூ மார்க்கெட்டிலும் சரக்கு விற்பவர்கள், வாங்குபவர் காட்டும் ஸ்கிரீனைப் பார்த்துச் சரக்கைக் கொடுக்காதீர்கள். உங்கள் போனில் வங்கிச் செய்தி வந்த பிறகே கொடுங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறீர்களோ அவ்வளவு பணம் வழியிலேயே நிறுத்தப்பட வாய்ப்பு இருக்கிறது. கடைக்காரரோ நிறுவனமோ வாரண்டியில் ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915.

சுருக்கமாக

கடைக்குப் போகும்போது இந்தப் பட்டியலைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள்.

1. தோட்டத்தில் நன்றாக எடுக்கும் சிம் எது, அதற்கான பேண்ட் போனில் இருக்கிறதா?
2. இரண்டு சிம், குறைந்தது 5000 எம்.ஏ.எச். பேட்டரி.
3. அசல் ராம் 4 அல்லது 6 ஜி.பி., ஸ்டோரேஜ் 64 அல்லது 128 ஜி.பி.
4. வெயிலில் திரை தெரிகிறதா? இலைப் படம் தெளிவாக வருகிறதா? ஸ்பீக்கர் சத்தம் போதுமா?
5. ஐ.பி. எண் என்ன?
6. எத்தனை வருடத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும்? இது நின்றுவிட்டால் வங்கிச் செயலிகள் ஒரு கட்டத்தில் வேலை செய்யாமல் போகலாம்.
7. சர்வீஸ் சென்டர் எங்கே? சார்ஜர் உள்ளே இருக்கிறதா?
8. பில், ஐ.எம்.இ.ஐ. எண் சரியாக இருக்கிறதா?
9. தவணை என்றால் மொத்தம் எவ்வளவு?

விலையைப் பொறுத்தவரை, மேலே சொன்ன தகுதிகள் உள்ள ஸ்மார்ட்போனுக்குப் பத்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் ரூபாய் வரை ஆகலாம். கவருக்கும் திரைக் கண்ணாடிக்கும் சேர்த்து ஐந்நூறு ரூபாய் ஒதுக்குங்கள். அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் விளையாட்டுக்கும் அழகுக்கும்தான் போகிறது. மிச்சப்படும் காசை ஒரு மண் பரிசோதனைக்கோ, நல்ல விதைக்கோ செலவழித்தால் நிலம் திருப்பித் தரும்.